பேர் கொடுத்தவள்

நாற்காலி சுற்றும் என்பது மயிலாத்தாளுக்குத் தெரியும். நாலு வருசமாக அதைத் துடைத்திருக்கிறாள், கைப்பிடியில் படிகிற எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீர் போட்டு எடுத்திருக்கிறாள், சக்கரத்தில் சிக்கிய நூலைக் குனிந்து பிரித்திருக்கிறாள். உட்கார்ந்தால் அது இப்படி ஆளை ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கும் என்பதுதான் தெரியாமல் இருந்தது. கால் தரையை எட்டவில்லை. பெருவிரலை ஊன்றி ஊன்றித்தான் நேராக நிறுத்த முடிந்தது. பத்தரைக்கே மொதலாளி நாச்சிமுத்து அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். "ஆபீசரம்மா பதினோரு மணிக்கு வந்துருவாங்க கண்ணு. வர்றப்ப நீ இதுல உக்காந்திருக்கோணும். எந்திரிக்கக் கூடாது. நான் உள்ள வந்தாலும் எந்திரிக்கக் கூடாது, கேட்டுக்கோ, அதுதான் முக்கியம்" என்றார். சரீங்க என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்துவிட்டாள். அவர் நிற்கும்போது உட்கார்ந்திருக்க அவள் உடம்புக்கு வரவில்லை. அவர் சலித்துக்கொள்ளவில்லை. வெளியே போய் மறுபடி உள்ளே வந்தார். அவள் மறுபடி எழுந்தாள். மூன்றாவது தடவைதான் கைப்பிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் பிரேக் போடும்போது இருக்கிற மாதிரி, உட்கார்ந்தபடியே இருந்தாள். "அவ்வளவுதான், இதுல என்ன இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. மெத்தையில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் அவள் சின்னதாக ஒரு ஓரத்தில் கிடந்தாள். கட்டியிருந்த சீலையும் அவர் வீட்டம்மா கொடுத்து அனுப்பியது, கத்திரிப்பூ நிறம், சாயங்காலம் மடித்துத் திருப்பித் தர வேண்டும். குழந்தைக்குக் காலையில் ஒரு பக்கம் பால் கொடுத்ததோடு சரி. மார்பு கனத்து வந்தது. சீலையில் கறை பட்டுவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு ஆபீசரம்மாவைப் பற்றிய பயத்தைவிடப் பெரிதாக, அதற்கு முன்னால் போய் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் நாலு மெசினும் ஓடிக்கொண்டிருந்தன. டீக்கடைக்குப் போகிற காகிதக் கப்புகள் செய்கிற கம்பெனி. காகிதம் சுருண்டு, அடி ஒட்டி, ஓரம் மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இரண்டாவது மெசின் அவளுடையது. அவளுடையது என்றால் அவள் ஓட்டுவது. இன்றைக்கு அவள் இங்கே உட்கார்ந்திருப்பதால் புதிதாக வந்த பெண் ஒருத்தி அதில் நிற்கிறாள். சூட்டுக்காற்று ஊதுகிற சத்தம் மெலிந்து கேட்டது. மெழுகு உருகுகிற மாதிரி ஒரு வாசனை வரவேண்டும், அது வரவில்லை. ஹீட்டரில் சூடு இறங்கியிருக்கிறது. அடி ஒட்டாது, ஒழுகும். போய்ச் சொல்ல வேண்டும், ஆனால் எழுந்திருக்கக் கூடாது. கணக்குப்பிள்ளை சம்பத் எழுதிக் கொடுத்த ஏழு வரியை அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். என் பெயர் மயிலாத்தாள், இந்தக் கம்பெனியின் உரிமையாளர் நான்தான். கம்பெனி தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. மூன்றாவது. மூன்றாவது என்ன? நாலாவது தெரிகிறது: பதினெட்டுப் பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கிறேன். ஐந்தாவது: நாச்சிமுத்து சார் என்னிடம் மேனேஜராக இருக்கிறார். இந்த ஐந்தாவதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள், பிறகு பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். நாச்சிமுத்துவும் சிரித்தார். "சிரிக்காதீங்க மேடம்" என்றார் அவளைப் பார்த்து. ஆபீசரம்மா முன்னால் அவர் அவளை மேடம் என்று கூப்பிட வேண்டும் என்பதும் ஏற்பாட்டில் ஒன்று. அவர் அந்த வார்த்தையைச் சொன்னபோது தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி செருமினார், அவளுக்குக் கழுத்தெல்லாம் கூசியது. காலையில் உள்ளே வரும்போதே ஜோதிமணி அக்கா கையைக் கட்டிக்கொண்டு வழியை மறித்தாள். "மொதலாளியம்மா, எனக்கு நாளைக்கு லீவு வேணுமுங்க, கொழுந்தியா ஊட்டுல சீருங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மயிலாத்தாள் குழந்தையை அவள் கையில் திணித்து, "சும்மா இருக்கா, அழப்போவுது, பாத்துக்கோ" என்றாள். மூன்றாவது வரி என்ன?

வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது, மயிலா பேப்பர் புராடக்ட்ஸ் என்று, மேலே ஒரு மயில் தோகை விரித்திருக்கும். சரக்கு எடுக்க வருகிறவர்கள் மொதலாளி வீட்டுக் குலதெய்வத்தின் பேர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருத்தர் பலகையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை அவளே பார்த்திருக்கிறாள். அட்டைப் பெட்டிகளிலும் அதே பேர்தான். தினமும் அவள் பேர்மேல்தான் அவள் டேப் ஒட்டுகிறாள். அந்தப் பேரைக் கேட்டு நாச்சிமுத்து வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கல்யாணமாகி ரெண்டு மாசம். ஊருக்கு வெளியே அவர்கள் ஆட்கள் குடியிருக்கிற வளவுக்குள் கார் வந்தது. மாமியார் அவசர அவசரமாக முன்னால் கிடந்த விறகை ஒதுக்கினாள். அவ்வளவு பெரியவர் அவர்கள் வாசல்வரை வந்து நின்றதில் மாமியாருக்கு மூச்சே நின்றுவிட்டது. "உள்ள வாங்க சாமி" என்றாள், அவர் வரமாட்டார் என்று தெரிந்துகொண்டே. "இருக்கட்டும் ஆத்தா, இப்படியே நிக்கறேன்" என்றார். செம்பில் தண்ணீர் கொடுத்தாள் மயிலாத்தாள். "இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன் கண்ணு" என்றார். அப்புறம் சொன்னார். தொழிற்பேட்டையில் உங்க ஆளுங்களுக்கென்று, அதிலும் பொம்பளைகளுக்கென்று, ஷெட்டு ஒதுக்கியிருக்கிறார்கள், எடுக்க ஆள் இல்லாமல் கிடக்கிறது, உன் பேர் மட்டும் கொடு, மீதி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், உன் வீட்டுக்காரனுக்கு டெம்போ ஓட்டுகிற வேலை, உனக்கும் உள்ளேயே வேலை. "ஒரு கையெழுத்துத்தான் கண்ணு, பேரு தேஞ்சா போயிரும்?" என்றார். ஜாதிச் சான்றிதழையும் ரேஷன் கார்டையும் வாங்கிக்கொண்டு, அவளைக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து அவள் எடுத்துக்கொண்ட முதல் படம் அது. தேயவில்லைதான். பேர் எங்கே தேயும்? அவர் கெட்டவரில்லை. அதை அவள் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். யாழினி பிறக்கும்போது வலி கண்டு வளவில் வண்டி கிடைக்காமல் அவள் புருசன் வெள்ளிங்கிரி ஓடியபோது, கேட்டதும் அவர்தான் காரை எடுத்துக்கொண்டு வந்தார், அவரே ஓட்டினார், சீட்டெல்லாம் நனைந்துபோனது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் டிரைவரை விட்டுச் சீட்டைக் கழட்டிக் கழுவியதை வெள்ளிங்கிரி பார்த்திருக்கிறான். யாராயிருந்தாலும் கழுவத்தானே செய்வார்கள். அவர் கெட்டவரில்லை. அதனால்தான் இவ்வளவு அசதியாக இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் கோபப்பட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம்.

மார்பில் சுருக்கென்று பால் இறங்கியது. குழந்தை அழவில்லை, ஆனாலும் இறங்கியது. அதற்கு நேரம் தெரியும். முந்தானையை இரண்டாக மடித்து முன்னால் போட்டுக்கொண்டாள். எதிரே அலமாரியில் பீங்கான் கோப்பைகள் நாலு இருந்தன, நீலக்கரை போட்டவை, மொதலாளி வீட்டிலிருந்து வந்தவை. யாராவது வந்தால் அதில் டீ கொண்டு வருவது அவள் வேலை. குடித்தானதும் கழுவிக் கவிழ்த்து வைப்பதும் அவள் வேலை. இன்றைக்கு அவள் நாற்காலியில் இருப்பதால் ஜோதிமணி அக்கா கொண்டு வருவாள். நாலையும் மயிலாத்தாள் நேற்றே புளி போட்டு விளக்கி வைத்துவிட்டாள். அப்பா ஞாபகம் வந்தது, டீ என்றாலே வந்துவிடும். அவள் பிறந்த ஊர் டீக்கடையில் அவர்களுக்கென்று டம்ளர் தனியாக இருந்தது, கூரை விளிம்பில் செருகி வைத்திருப்பார்கள், அவர்களே எடுத்து, குடித்து, கழுவி, செருகிவிட்டு வரவேண்டும். அவள் மூன்றாவது படிக்கும்போது அந்தக் கடைக்குக் காகிதக் கப்பு வந்தது. அப்பா அன்றைக்குக் குடித்த கப்பைத் தூக்கிப் போடாமல் வீட்டுக்குக் கொண்டு வந்தார். "இனிமேக் கழுவ வேண்டாம் கண்ணு, குடிச்சமா வீசுனமான்னு போயிக்கிட்டே இருக்கலாம்" என்றார். அவர் முகம் அப்படி இருந்து அவள் பார்த்ததில்லை. கூரையிலிருந்த டம்ளர்கள் காணாமல் போயின. கடைக்குள் பெஞ்சியில் உட்கார்ந்தவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ் அப்படியே இருந்தது என்பதை அப்பா சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவளே பார்த்தாள். கப்பைச் சன்னல் திட்டில் வைத்து அவள் கனகாம்பரம் போட்டு வைத்திருந்தாள், எறும்பு வந்து அம்மா வீசிவிட்டாள். அந்தக் கப்பையும் எங்கேயோ ஒரு கம்பெனியில் யாரோ ஒருத்தி நின்று ஓட்டியிருப்பாள் அல்லவா. அவளுக்கும் மார்பு கனத்திருக்கும். ஹீட்டரை யாராவது பார்த்தால் தேவலை. நாலு வருடம் ஆகிறது. அதற்கடுத்தது?

போன வாரம்தான் எல்லாம் கெட்டது. அதுவரைக்கும் பேர் எங்கேயோ பலகையில் இருந்தது, இவள் இங்கே இருந்தாள், இரண்டுக்கும் சண்டை இல்லை. மகளிர் குழுவுக்கு வழிகாட்டுகிற கிரேஸ் அக்கா, "நீங்க அஞ்சு பேரு மெசின் ஓட்டத் தெரிஞ்சவளுக இருக்கீங்க, சின்ன மெசினா ஒண்ணு சொந்தமாப் போட்டா என்ன" என்று ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மயிலாத்தாளுக்கு அது மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. யாரிடமும் சொல்லவில்லை, வெள்ளிங்கிரியிடம்கூட. ஒரு மெசின், ஒரு தகரக் கொட்டகை, ஓரமாக ஒரு தூளி. பேர்கூட நினைத்து வைத்திருந்தாள், யாழினி என்று. அஞ்சு பேரும் லீவு போட்டு, கிரேஸ் அக்காவோடு பஸ் ஏறி ஆபீசுக்குப் போனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "உங்க பேர்லதான் ஏற்கெனவே ஷெட்டு இருக்கேம்மா, நாலு வருசமா ஓடுதுன்னு இருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான், திரும்ப உங்களுக்கோ உங்க குடும்பத்துக்கோ கிடையாது" என்றார். மற்ற நாலு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவைதான். அவள் செலவழிக்காத ஒன்று செலவாகிவிட்டிருந்தது. அவளுக்கு மட்டுமில்லை, பேசக்கூட ஆரம்பிக்காத யாழினிக்கும். தேயாது என்றுதானே சொன்னார். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது கிரேஸ் அக்கா மெதுவாகக் கேட்டாள், "அது உன் கம்பெனின்னா நீ எதுக்குப் புள்ள கூலிக்கு நிக்கற?" கிரேஸ் அக்காதான் எழுதிப் போட்டிருப்பாளோ. "எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுட்டான், அதான் பாக்க வர்றாங்க" என்று நாச்சிமுத்து சொன்னபோது அவர் கண் ஒரு கணம் அவள்மேல் நின்றுவிட்டு நகர்ந்தது. அவள் எழுதவில்லை. எழுதியிருக்கலாமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை. சம்பத் வேறு சொல்லி வைத்திருக்கிறான், "தப்பாச் சொன்னா மொதல்ல மாட்றது நீங்கதான், எல்லாத்துலயும் கையெழுத்து உங்களுது." அது பயமுறுத்தவா, நிசமா? நிசமாகத்தான் இருக்கும். ஐந்தாவது வரைக்கும் படித்த பிள்ளை எழுத்துக்கூட்டிப் போட்ட கையெழுத்து, ஒவ்வொன்றும் உருண்டையாக, கோட்டைத் தாண்டாமல். எதில் போட்டோம் என்று ஒன்றுகூட நினைவில்லை.

வெளியே ஜீப்பு வந்து நின்றது. அவள் கைப்பிடியைப் பிடித்தாள். நாச்சிமுத்து முன்னால் வந்தார், அவள் எழுந்திருக்கவில்லை, நல்லது. பின்னால் சம்பத் வந்தான். அவனுக்குப் பின்னால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஆபீசரம்மா வந்தாள், ஐம்பது வயசிருக்கும், வெயிலில் நாலு இடம் ஏறி இறங்கிய முகம். மயிலாத்தாள் சட்டென்று எழுந்துவிட்டாள். மொதலாளிக்கு எழுந்திருக்கக் கூடாது என்றுதான் பழக்கியிருந்தார்கள், ஆபீசரம்மாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாற்காலி பின்னால் ஓடிப்போய்ச் சுவரில் இடித்தது. "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்றாள் ஆபீசரம்மா. நாச்சிமுத்து போய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் வைத்தார். அவர் நாற்காலி எடுத்துப்போட அவள் உட்கார்ந்தாள், உலகத்தில் இனி எது வேண்டுமானாலும் நடக்கலாம் போலிருந்தது. "பேரு?" என்று கேட்டாள் ஆபீசரம்மா. மயிலாத்தாள் முதல் வரியைச் சொன்னாள். குரல் யாருடையதோ போல வந்தது. "எத்தனை வருசமா நடத்தறீங்க?" இரண்டாவது வரி. "இங்க என்னென்ன வேலை நீங்க பாக்கறீங்க?" அங்கேதான் மூன்றாவது வரி வரவேண்டும். வாயைத் திறந்தாள், ஒன்றும் இல்லை, ஏறுகிற இடத்தில் படி இல்லாத மாதிரி. நாச்சிமுத்து குனிந்து, "மேடத்துக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவமுங்க" என்றார். இந்தத் தடவை அவருக்குத் தொண்டை மாட்டவில்லை. ஆபீசரம்மா ஏதோ எழுதினாள். பேனா சத்தம் கேட்டது. அதற்கு அப்பால் இரண்டாவது மெசினின் மெலிந்த ஊதல் கேட்டது. அதற்கும் அப்பால், சரக்கறையிலிருந்து, சிணுங்கலாக, ஆரம்பித்துவிட்டது. யாழினி.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு ஜோதிமணி அக்கா தட்டோடு வந்தாள். ஆபீசரம்மாவுக்கு ஒரு நீலக்கரைக் கோப்பை. நாச்சிமுத்துவுக்கு ஒன்று. சம்பத்துக்கு ஒன்று. மயிலாத்தாளுக்கு முன்னால் ஒரு காகிதக் கப்பு. வைத்துவிட்டுக் குழந்தை அழுகிற திசையைக் கண்ணால் காட்டிவிட்டுப் போனாள். மயிலாத்தாள் கப்பை எடுத்தாள். நாச்சிமுத்து கோப்பையை எடுத்தார், சம்பத்தும் எடுத்தான். மின்விசிறி ஓடியது. எல்லாம் எப்போதும் நடக்கிற மாதிரி நடந்தது. ஆபீசரம்மா மட்டும் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டு, ஒவ்வொருத்தர் கையாகப் பார்த்தாள். கடைசியாக மயிலாத்தாள் கையைப் பார்த்தாள். "நீங்க ஏம்மா அதுல குடிக்கறீங்க?" என்றாள். கேள்வி மயிலாத்தாளுக்குப் புரியவில்லை. எதில் குடிக்கிறேன்? சம்பத் கெட்டிக்காரன், அவன்தான் முதலில் பிடித்துக்கொண்டான். "மேடத்துக்கு நம்ம கப்புல குடிச்சாத்தாங்க திருப்தி. சொந்தச் சரக்கு பாருங்க" என்றான். நாச்சிமுத்து சிரித்தார், நிம்மதியாக. அது நல்ல பொய், ஏழு வரியில் இல்லாத பொய், அந்த இடத்திலேயே முளைத்தது. ஆபீசரம்மாவும் லேசாகச் சிரித்தாள். மயிலாத்தாள் கையிலிருந்ததைப் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் காது சுட்டது. ஆனால் புரிவதற்கு முன்னாலேயே அவள் விரலுக்கு வேறொன்று தெரிந்திருந்தது. கப்பின் அடி ஈரமாயிருந்தது. தூக்கிப் பார்த்தாள். ஓரமடிப்பில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல், இரண்டாவது மெசினில் வருகிற கப்பில் மட்டும் இருக்கும், அவளுக்கு மட்டும் தெரியும். இன்று காலை விழுந்த கப்பு. அடி விட்டுவிட்டது. ஒரு சொட்டு கனத்து, தொங்கி, கத்திரிப்பூச் சீலையில் விழுந்தது. இன்னொன்று. "மொதலாளி, ரெண்டாவது மெசின நிறுத்தச் சொல்லுங்க, ஹீட்டர் எறங்கிருச்சு, அடி ஒட்டல. காலைலருந்து ஓட்டுனது பூரா ஒழுகும்" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் யாரும் அசையாமல் இருப்பது தெரிந்தது. நாச்சிமுத்துவின் கோப்பை பாதி வழியில் நின்றது. சம்பத்துதான் மறுபடியும் பேசினான். "இவங்க எப்பவும் இப்படித்தாங்க. வயசுல பெரியவருன்னு மரியாதைக்கு மொதலாளின்னு கூப்பிட்டுப் பழக்கம்." ஆபீசரம்மா பேனாவை மூடிக் கீழே வைத்தாள். "அப்படியாம்மா? மரியாதைக்குத்தானா?" என்று மயிலாத்தாளைக் கேட்டாள். தலையை ஆட்டினால் போதும். வாய்கூட வேண்டாம். ஒரு தடவை மேலும் கீழும் அசைத்தால் ஆபீசரம்மா எழுதிக்கொண்டு போய்விடுவாள், ஜீப்பு போய்விடும், பதினெட்டுப் பேரும் மத்தியானச் சோற்றுப் பையைப் பிரிப்பார்கள், வெள்ளிங்கிரி டெம்போவைத் துடைத்துக்கொண்டிருப்பான், சீலையை அலசிக் காயப்போட்டு மடித்துக் கொடுத்துவிடலாம், அடுத்த வருசமும் யாராவது வருவார்கள், மறுபடியும் ஏழு வரி, மறுபடியும் இந்த நாற்காலி, அதற்குள் யாழினி பள்ளிக்கூடம் போவாள், பெரியவளாவாள், எங்கேயாவது ஒரு ஜன்னல் முன்னால் நின்று உங்க குடும்பத்துக்கு ஏற்கெனவே கொடுத்தாச்சு என்று சொல்வதைக் கேட்பாள், சிமெண்டுத் தரையைப் பார்ப்பாள். நனைந்துபோன கார் சீட்டு. செம்பில் வாங்கிக்கொள்ளாத தண்ணீர். இரண்டும் ஒரே மனுசன்தான். தலை ஆடவில்லை. ஆட்டக்கூடாது என்று அவள் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, கழுத்தில் அதற்குத் தெம்பு இல்லை. பொய்க்கு எத்தனை வேலை, உட்காரப் பழகணும், எழுந்திருக்காமல் இருக்கப் பழகணும், வரிகளை வரிசையாக வைத்திருக்கணும், இரவல் சீலையில் கறை படாமல் பார்த்துக்கணும். பிள்ளை பெற்று எட்டு மாசமாகிறது, ஒரு நாள் முழுசாக அவள் ஓய்ந்து உட்கார்ந்ததில்லை. அப்போது, தேடாதபோது, மூன்றாவது வரி வந்தது. எல்லா முடிவும் நானேதான் எடுக்கிறேன். அதுதான். சம்பத்தின் கையெழுத்தில், கீழே கோடு போட்டு. அவளுக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது, வரவில்லை. "மேடம்" என்றாள். குரல் இப்போது அவளுடையதாகவே இருந்தது, அதனால் சின்னதாக இருந்தது. "நான் போயி மெசின நிறுத்துன்னு சொன்னா அங்க யாரும் நிறுத்த மாட்டாங்க. அவரு சொல்லோணும். இது அவரு கம்பெனிங்க. நான் ரெண்டாவது மெசின் ஓட்டறேன். பேரு மட்டும்தான் என்னுது. அத எனக்குத் திருப்பிக் குடுத்தாப் போதுங்க."

"மயிலா" என்றார் நாச்சிமுத்து. சத்தம் போடவில்லை. அவர் எழுந்து நின்றார். அவள் எழவில்லை, எழுந்திருக்கக் கூடாது என்று பழக்கியது இப்போதுதான் உடம்பில் ஏறியிருந்தது போல, இல்லை, கால் மரத்துப்போயிருந்தது. "இத எழுதித் தருவீங்களா?" என்றாள் ஆபீசரம்மா. "தர்றனுங்க. மொள்ளத்தான் எழுத வரும். புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்துரட்டுமா?" ஆபீசரம்மா கோப்பையை மேசைமேல் வைத்தாள். அவள் குடித்திருக்கவில்லை. "போயிட்டு வாங்க. நான் இருக்கேன்" என்றாள். மயிலாத்தாள் வாசலில் விட்டிருந்த செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். இயந்திரக்கூடத்தைத் தாண்டும்போது இரண்டாவது மெசின் முன்னால் நின்று சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். அது இரண்டு கப்பை விட்டுவிட்டு நின்றது. புதுப்பெண் பதறிப்போய், "அக்கா, மொதலாளி திட்டுவாருக்கா" என்றாள். "ஹீட்டரப் பாரு, எத்தனைல இருக்குதுன்னு" என்றாள் மயிலாத்தாள். அந்தப் பெண் குனிந்து பார்த்துவிட்டு, விழுந்து கிடந்த கப்புகளைத் தனியாக ஒதுக்கினாள்.

சரக்கறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே தூளி ஆடிக்கொண்டிருந்தது. ஜோதிமணி அக்கா குழந்தையைத் தூக்கி அவள் மடியில் போட்டாள். அவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, முந்தானைக்குள் குழந்தையை வைத்ததும் அது முட்டிக்கொண்டு குடிக்க ஆரம்பித்தது. உச்சந்தலை வரைக்கும் இழுத்தது. கண்ணை மூடிக்கொண்டாள். நாலில் ஒன்று குறைந்த மெசின் சத்தம் கேட்க வினோதமாக இருந்தது. "சொல்லிட்டயாமே" என்றாள் ஜோதிமணி அக்கா. டீ கொடுத்துவிட்டு அந்த அறைக் கதவுக்கு வெளியிலேயே நின்று கேட்டிருக்கிறாள். "சொல்லிட்டேன்." "கம்பெனிய மூடிருவாங்களா?" "தெரியலக்கா." "நீ சொன்னது தப்புன்னு நான் சொல்ல வரல புள்ள. ரெண்டு பசங்கள வெச்சுக்கிட்டு நாளைக்கு நான் எங்க போவேன், அதத்தான் கேக்கறேன்." "அதுவும் தெரியலக்கா." ஜோதிமணி அக்கா கோபப்படுவாள் என்று நினைத்தாள். அவள் கோபப்படவில்லை, இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, டேப்புப் பிசினை நகத்தால் சுரண்டினாள். "அக்கா, நாலாவது கோப்பை அலமாரில இருந்துச்சில்ல?" என்றாள் மயிலாத்தாள். "இருந்துச்சே. நேத்து நீதான வெளக்கி வெச்ச." "பின்ன எனக்கு எதுக்குக் கப்புல கொண்டாந்த?" ஜோதிமணி அக்கா சுரண்டுவதை நிறுத்தினாள். அந்த அறைக்குள் மறுபடியும் போய், தட்டை எடுத்து, ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்கிறவள் போல அவள் கண் எங்கேயோ நின்றது. "எனக்குத் தோணவே இல்ல புள்ள" என்றாள் கடைசியில். மயிலாத்தாள் குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எனக்கும்தான்க்கா" என்றாள். "அந்தம்மா கேக்கற வரைக்கும்."